நெஸ்டா எடுத்துப்போனது

மென்னா ப்ரோபெர்ட் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. கரி வண்டிக்காரன் மூட்டையை இறக்கினால், உள்ளே கல்லைக் கலந்திருக்கிறானா என்று ஒரு உதை விட்டுப் பார்ப்பாள். போதகர் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனால், இவர் எதற்கு வந்தார் என்று அரை நாள் மண்டையைக் குடைந்துகொள்வாள். கதவுத் தாழ்ப்பாளைப் போடுவாள், இழுத்துப் பார்ப்பாள், மாடிப்படியில் பாதி ஏறியவள் நின்று யோசித்து, இறங்கி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். யார் வந்து தட்டினாலும் ஒரு கை தாழ்ப்பாளில் இருக்கும், இன்னொரு கை ஏப்ரனுக்குள் இருக்கும், கண் வந்தவரின் பூட்ஸில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். அது முகத்துக்கு வந்து சேர்வதற்குள் வந்தவருக்கு வந்த காரியமே மறந்துவிடும். கூமாவெல் என்கிற எங்கள் கரிச்சுரங்கப் பள்ளத்தாக்கில் இது ஊரறிந்த விஷயம். அவள்மேல் யாருக்கும் கோபமும் இல்லை, கிட்டப் போக அவசரமும் இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தங்கையாக ஒரு நடிகை வந்து பிறந்தாள்.

நெஸ்டாவை நடிகையாக்கியது எங்கள் சபைக் கோயிலான சேப்பல்தான். இப்படிச் சொன்னால் மூப்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். பால்பல் விழாத பிள்ளையை மேடையேற்றி வசனம் ஒப்பிக்க வைத்தது யார்? போட்டித் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக அனுப்பி, ஜெயித்து வந்தால் நாற்காலியில் தூக்கி நிறுத்திக் கை தட்டியது யார்? அந்தப் போட்டிகளில் பரிசுக் காசை ஒரு சின்ன வெல்வெட் பையில் போட்டு, ரிப்பன் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பைகள் ப்ரோபெர்ட் வீட்டுக் கட்டில் கம்பி முழுக்கத் தொங்கின. மழையில் மலைப்பாதை ஏறிப் போகும்போது தங்கையின் நல்ல ஷூவைத் தன் கோட்டுக்குள் வைத்து எடுத்துப்போனவள் மென்னா. அதை யாரும் கை தட்டிப் பாராட்டவில்லை.

ஒப்பிப்பதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நெஸ்டாவுக்கு இன்னொரு வித்தை இருந்தது. யாரை இரண்டு நிமிஷம் பார்த்தாலும் அந்த ஆளாகவே மாறிவிடுவாள். பால்காரரின் நொண்டல், ரொட்டிக்கடைக்காரி மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் அவளிடம் இருந்தது. ஒருநாள் சேப்பலின் பின்கூடத்தில் தேநீர் விருந்து. தலைமை மூப்பர் ஜெபம் பண்ணும்போது ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து யார் யார் கண் திறந்திருக்கிறது என்று வேவு பார்ப்பார். நெஸ்டா கேக் தட்டுக்கு முன்னால் நின்று அதைச் செய்து காட்டினாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூப்பர் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் அம்மா பெல்ட்டை எடுத்தாள். அவளை மகள்கள் இருவரும் நேரில் மாம் என்று கூப்பிடுவார்கள். மாம் கையால் அடி வாங்கினால் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது.

அன்றைக்குத்தான் மென்னாவின் மனசில் அது விழுந்தது. இவள் பார்ப்பதில்லை, எடுத்துக்கொள்கிறாள். தெருவில் ஒரு ஆள் விடாமல் எடுத்துக்கொண்டவள், அக்காவான தன்னை மட்டும் ஒருநாளும் செய்து காட்டியதில்லை என்பதையும் மென்னா கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பின்னாலும் ஏதோ திட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினேழு வயதில் நெஸ்டா போனாள். ஒரு நாடகக் குழு தொழிலாளர் மன்றத்தில் நாடகம் போட வந்தது. வேலைக்காரியாக நடிக்க வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நெஸ்டா தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனவள், குழு கிளம்பியபோது அவர்களோடு லாரியில் ஏறி அடுத்த பள்ளத்தாக்குக்கும் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு சபைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். அம்மா பாமாலைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வெல்வெட் பைகளைக் கட்டில் கம்பியிலிருந்து கழற்றவும் இல்லை.

அதன் பிறகு ஸ்வான்சீ, கார்டிஃப், அப்புறம் லண்டன். வாடகை அறைகள், ஈர மேடைகள், முட்டை வேகாத காலைச் சாப்பாடுகள். நர்ஸ், சமையல்காரி, கதவைத் திறந்து "ஐயா வந்திருக்கார்" என்று சொல்கிறவள், இப்படியே நெஸ்டாவின் இருபதுகள் ஓடின. பேசும் படம் வந்ததும் எங்கள் பேச்சுக்கு ஒரு கிராக்கி வந்தது. சுரங்கப் படம் எடுக்கிறவனுக்கெல்லாம் சால்வை போர்த்திய பெண்கள் தேவைப்பட்டார்கள். செயற்கை மழையில் சுரங்க வாசலில் நிற்க வேண்டும். சங்கு ஊதும். "என் புருஷன் உசுரோட இருக்காரா?" என்று கேட்க வேண்டும். படத்துக்குப் படம் நெஸ்டா இதையே கேட்டாள். ஒரு படத்திலும் அவர் உயிரோடு இல்லை.

எப்போதாவது கிறிஸ்துமஸுக்கு ரோமக் காலர் கோட்டோடு வருவாள். கோட்டு இரவல் என்று தெரு முழுக்கப் பேசிக்கொள்ளும். மென்னாதான் முதலில் சொல்லியிருப்பாள்.

இப்படியே இருவருக்கும் நாற்பது தாண்டியது. யுத்தம் முடிந்து, சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருஷம் ஆன ஒரு பிப்ரவரியில் அம்மாவின் நெஞ்சு மோசமானது. ஆயுசு முழுக்க அப்பாவின் சுரங்கத் துணியை உதறித் துவைத்து, அவர் தின்ற தூசியில் பாதியை இவளும் தின்றிருந்தாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இருமலைத் தெருவே அறியும். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் யாருக்கோ பதில் சொல்வது மாதிரி "ம்ம், ஆகட்டும்." நெஸ்டா போன நாளிலிருந்து அந்த "ஆகட்டும்" கேட்டுத் தண்ணீர் எடுத்துப்போனவள் மென்னா. கல்யாணம், காட்சி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கென்று இருந்தது அம்மா மட்டும்தான்.

பக்கத்து வீட்டு மிஸஸ் குவிலிமுக்கு ஊர் வைத்த பெயர் சன்னல் குவிலிம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கொல்லைச் சுவருக்கு மேலே மென்னா அவளிடம் சொன்னாள்: "அம்மாவுக்கு முடியலன்னு நெஸ்டாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்." சன்னல் குவிலிமிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவள் நேரே தபால் ஆபீசுக்குப் போய் நெஸ்டாவுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மென்னா திறந்தாள். பூட்ஸிலிருந்து பார்த்தாள்.

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. அம்மாவுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன்."

"அந்தச் சன்னலுக்கு வாய் ஜாஸ்தி. நாடகம் ஒண்ணும் இல்லயா உனக்கு?"

"இருக்கு. எனக்குப் பதிலா ஒரு பொண்ணு பண்றா."

"எத்தன நாள் இருப்ப?"

"உள்ள விடுவியா மாட்டியா?"

"காலத் தொட. படி இப்பத்தான் தேச்சேன்."

நெஸ்டா காலைத் துடைத்து உள்ளே வருவதற்குள் மென்னா அடுப்பிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்ந்திருந்தது. உள்ளே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சூடாக இருந்தன. யாருக்காக மூடி வைத்தது என்று அவள் சொல்லவில்லை. மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டு, "ரொம்ப நாள் இருக்கறதா இருந்தா படுக்கைய உலத்தணும், அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள்.

நெஸ்டா அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பொறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டாள், அதைக் குறை சொல்ல முடியாது. தலை வாரினாள், முதுகைத் துடைத்தாள், பழைய போட்டிக் கவிதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். ஆனால் மென்னா வாசலில் நின்று வேறொன்றைப் பார்த்தாள். அம்மா தேநீரைச் சாஸரில் ஊற்றி ஊதும்போது நெஸ்டாவின் உதடும் குவிந்தது. அம்மாவின் விரல் போர்வையை நீவும்போது நெஸ்டாவின் விரலும் தன் பாவாடையை நீவியது. அம்மா இருமினால் நெஸ்டாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், பாட்டு வகுப்பில் மெட்டைப் பிடிக்கிற பிள்ளை மாதிரி. இவள் இங்கே பெற்றவளைப் பார்க்கவா வந்திருக்கிறாள்?

பதிலைச் சன்னல் குவிலிம் கொண்டுவந்தாள்.

"கூட்டுறவுக் கடையில பேப்பர் பாத்தேன் மென்னா. நம்ம நெஸ்டா பெரிய படத்துல நடிக்கப் போறாளாம். இந்தத் தடவ மழயில நிக்கற வேலை இல்ல. படமே அவளச் சுத்தித்தானாம். பள்ளத்தாக்குல ஒரு அம்மாக்காரி."

"என்ன அம்மாக்காரி?"

"சுரங்கத்துக்காரன் பொண்டாட்டி, வயசானவ. உனக்கு அவ சொல்லலயா? ஐயோ, நான் வேற வாய விட்டுட்டேன்." வாயை விட்டதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காத. ஞாயித்துக்கிழம அவ கொல்லைக்குப் போனா பாரு, சன்னல்ல இருந்து பாத்தேன். அப்படியே உங்கம்மா நடை. அந்தம்மா எந்திரிச்சுட்டாங்களோன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

மென்னா சமையலறைக்கு வந்தாள். நெஸ்டா அடுப்புக் கல்லில் எங்கள் ஊர்த் தட்டைக் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் ஒண்ணு வந்திருக்காமே."

நெஸ்டா ஒரு கேக்கைத் திருப்பிப் போட்டாள். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

"படம் முன்னாடி வந்துச்சா, அம்மாவுக்கு முடியலங்கற சேதி முன்னாடி வந்துச்சா?"

"ரெண்டும் ஒரே வாரத்துல வந்துச்சு."

"அதான் எதுன்னு கேக்கறேன்."

"என்ன பதில் சொன்னா நம்புவ மென்னா? அதச் சொல்லு, அதயே சொல்றேன்."

"பாத்தியா, இதுதான் உன் பொழப்பு. எதிராளிக்கு என்ன வேணுமோ அதப் பேசுவ." மென்னா கேக்கைக் கல்லிலிருந்து வெறுங்கையால் எடுத்தாள், சுட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. "அம்மாவப் படத்துல போட்டு, டிக்கெட் வாங்கினவன் எல்லாம் அவ இருமறதப் பாத்துச் சிரிக்கணும். அதுக்குத்தான இவ்வளவு சேவை?"

நெஸ்டா அடுத்த கேக்கைக் கல்லில் போட்டாள். மென்னாவுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

மார்ச்சில் அம்மா போய்விட்டாள். எங்கள் ஊரில் அடக்கத்துக்கு ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டில் இருந்து சாப்பாடு பண்ண வேண்டும். பன்றித்தொடைக் கறி வைத்து அடக்கம் பண்ணினார்கள் என்றால்தான் அது மரியாதையான அடக்கம். வாசலில் போதகர் ஜெபம் பண்ணினார், ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள், தெருக்கோடி திரும்பும்வரை நாலு குரலில் பாடிக்கொண்டே போனார்கள். பாட்டு மலைப்பக்கம் ஏறிக் கரைந்தது. அடுக்களையில் மென்னா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். சன்னல் குவிலிம் கறியைச் சீவினாள். இன்னும் நாலைந்து பெண்கள் கோப்பைகளைத் துடைத்தார்கள். நெஸ்டா மாடிக்குப் போயிருந்தாள்.

அப்போது மேலே அம்மா இருமினாள்.

சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. "ம்ம், ஆகட்டும்."

சன்னல் குவிலிமின் கத்தி கறியிலேயே நின்றது. ஒருத்தி சிலுவைக் குறி போட்டாள், அது எங்கள் சபை வழக்கமே இல்லை. மென்னாவின் கை, பழக்க தோஷம், தண்ணீர் டம்ளருக்குப் போய்விட்டது. டம்ளரை எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு ஒரே மூச்சில் படியேறினாள்.

நெஸ்டா வெறும் மெத்தையில் அம்மாவின் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா இன்னும் மண்ணுக்குள்ள போகல" என்றாள் மென்னா.

"தெரியும்."

"அதுக்குள்ள ஒத்திகையா?"

"ஒத்திகை இல்ல. ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"கண்ணுல தண்ணி வேற. அதயும் எப்ப வேணாலும் வரவெப்ப. அதுக்குத்தான் உனக்குக் கூலி."

"மென்னா, சத்தியமா..."

"சத்தியத்த வசனம் எழுதறவன்கிட்ட வெச்சுக்கோ." கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் மென்னா அறைக் கதவைச் சாத்தினாள். "அவகூட இருந்தது நான். அவளத் தூக்கினது நான். இந்த இருமல் எனக்குச் சொந்தம், உனக்கு இல்ல. நீ நடிக்கப்போற படத்துல இது ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வந்துச்சுன்னு வெச்சுக்கோ, அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்காத. எனக்குத் தங்கச்சியே இல்லன்னு ஊரக் கூட்டிச் சொல்லிடுவேன்."

நெஸ்டா தலையணையைப் பழைய இடத்தில் வைத்து, உறையின் சுருக்கத்தை நீவினாள். அம்மா நீவுகிற மாதிரியே நீவினாள். ஆண்கள் திரும்பி வந்தார்கள், கறியை நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். சாயங்கால ரயிலில் நெஸ்டா கிளம்பிப் போனாள். அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை, மென்னா தேடவும் இல்லை.

படம் எங்கள் தொழிலாளர் மன்றத்துக்கு வர ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. மென்னா அந்த மன்றத்தில் படம் பார்க்கக் கால் வைத்ததே இல்லை. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குச் சேப்பல் தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் வருவதைப் பார்த்ததும் வாசலில் நின்ற கூட்டம் விலகி வழி விட்டது. டிக்கெட் கிழிக்கிறவர் மன்றத்து ஹேடன். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"மிஸ் ப்ரோபெர்ட், தொப்பிய எடுத்துட்டா பின்னாடி இருக்கறவங்களுக்குப் படம் தெரியும்."

"பின்னாடி இருக்கறவங்க என்னப் பாக்கத்தான வந்திருக்காங்க. நல்லாப் பாக்கட்டும்."

நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையைப் பிடித்தாள். திரையில் அம்மாவின் இருமல் வந்ததும் எழுந்து வெளியேற வசதியான இடம். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

எங்கள் மன்றத்தில் படம் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாதிப் பேருக்கு நெஞ்சில் கரித்தூசி. முன் வரிசையில் ஒருவர் தொடங்கினால் கடைசி வரிசைவரை இருமல் போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு இருமலுக்கும் மென்னாவின் முதுகு விறைத்தது. இது திரையிலா, இருட்டிலா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் முதலில் ஒரு முதுகு தெரிந்தது. ஒரு பெண் முட்டி போட்டு வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படியைத் தேய்த்தால் இடமிருந்து வலம் போவாள். இவள் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தாள். மென்னா புருவத்தைச் சுருக்கினாள். அடுத்த காட்சியில் அந்த வீட்டுக் கதவை வாடகைக்கு அறை கேட்டு ஒருவன் தட்டினான். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை தாழ்ப்பாளில், இன்னொரு கை ஏப்ரனுக்குள். கண் அவன் பூட்ஸில் தொடங்கியது. முழங்காலுக்கு வந்தது. பட்டனுக்குப் பட்டன் ஏறியது. முகத்துக்கு வந்ததும் நெஸ்டா கேட்டாள்:

"யாரு அனுப்புனா?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "அட, நம்ம மென்னா." கூரை பிளக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரையை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பின. சன்னல் குவிலிம் பாதி எழுந்தே விட்டாள்.

மென்னாவுக்குக் காது மடல் எரிந்தது. திருடி. அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்பது மாதிரி காட்டிக்கொண்டு, இவ்வளவு நாளும் வாசலில் நின்ற தன்னை அல்லவா பார்த்திருக்கிறாள். எழுந்து போய்விட நினைத்தாள். ஆனால் வெளியேறுவது இருமலுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லி வந்திருந்தாள், அந்த இருமல் இன்னும் வரவில்லை. அதனால் உட்கார்ந்தாள்.

கரி மூட்டைக்கு உதை விழுந்தது, சிரித்தார்கள். போதகர் வந்து போனதும் "இவரு எதுக்கு வந்தாரு?" என்று கேட்டாள், போதகரே முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். கதையில் அவளுக்கு ஒரு மகள். பட்டணத்தில் பாட்டுப் படிக்கப் போகத் துடிக்கிறவள். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டு மழையில் நனைந்து வீட்டுக்குத் திரும்புகிறாள். தாய்க்காரி அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "எத்தன நாள் இருப்ப?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பிலிருந்து தட்டை எடுத்தாள். மேலே கவிழ்ந்த தட்டைத் தூக்கினாள். ஆவி வந்தது. டொக்கென்று வைத்தாள்.

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மன்றத்து ஹேடன் மூக்கைச் சிந்தினார். மென்னா தன் கையைப் பார்த்தாள். அந்தத் தட்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, தனக்குள்ளேகூடப் பேசியதில்லை. நெஸ்டா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத்தானே எழுந்து போனாள்.

கடைசியில் மகள் போய்விடுகிறாள். தாய் கதவைச் சாத்துகிறாள், தாழ்ப்பாளைப் போடுகிறாள், இழுத்துப் பார்க்கிறாள். மாடிப்படியில் பாதி ஏறி நிற்கிறாள். இறங்கி வருகிறாள். மறுபடி இழுத்துப் பார்ப்பாள் என்று கூமாவெல் முழுக்க எதிர்பார்த்து மூச்சை அடக்கியது. திரையில் இருந்தவள் தாழ்ப்பாளை மெதுவாக விலக்கினாள். கதவைத் தாழிடாமல் அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள்.

மென்னா அப்படி ஒருநாளும் செய்ததில்லை. நெஸ்டா பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் செய்ததில்லை, அம்மாவின் அடக்கத்தன்று சாயங்காலமும் செய்ததில்லை. அது ஒன்றைத்தான் நெஸ்டா சொந்தமாகச் சேர்த்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. மென்னா இன்னும் ஓர இருக்கையில், எழுவதற்குத் தயாராக, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. சாஸரில் ஊதவில்லை, போர்வையை நீவவில்லை. அம்மாவுடையது என்று சொல்ல அந்தப் படத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு மாடியில் கேட்டது ஒத்திகை இல்லை. அம்மா இல்லாத அறையில் உட்கார்ந்து, அம்மாவை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். அதைத்தான் அவள் சொன்னாள், அதே வார்த்தையில் சொன்னாள். மென்னாதான் நம்பவில்லை.

"என்ன மென்னா, எப்படி இருந்துச்சு?" என்று சன்னல் குவிலிம் குனிந்து கேட்டாள்.

"மூட்டைய அப்படி உதைக்கக் கூடாது. கால் சுளுக்கிக்கும்" என்று சொல்லிவிட்டு மென்னா எழுந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கார்டிஃபில் நெஸ்டாவுக்கு மத்தியான நாடகம் என்று பேப்பரில் போட்டிருந்தது. மென்னா ரயிலில் போனாள். நாடகம் பார்க்கப் போகவில்லை, அவ்வளவு தூரத்துக்கு மாறிவிடவில்லை. நடிகர்கள் வெளியே வரும் பின்வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், துணியில் கட்டிய ஒரு பொட்டலத்தோடு நின்றாள். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "உமக்கு எதுக்கு?" என்றாள். அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நெஸ்டா வெளியே வந்தாள். காதோரம் சாயம் சரியாகத் துடைபடாமல் இருந்தது. அந்த ரோமக் காலர் கோட்டு கிட்டத்தில் பார்த்தால் முழங்கையில் தேய்ந்திருந்தது, இரவல் கோட்டு அப்படித் தேயாது. அக்காவைக் கண்டதும் நின்றாள். பார்வை மென்னாவின் ஷூவில் தொடங்கியது.

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல."

"சண்ட போட வந்திருந்தா சீக்கிரம் போடு. சாயங்காலம் இன்னொரு ஆட்டம் இருக்கு."

"சாப்பிட்டியா நீ?" மென்னா பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். கவிழ்த்த தட்டுக்கு அடியில் தட்டு, ரயிலில் வந்ததில் ஆறிப்போயிருந்தது. "படம் பாத்தேன்."

நெஸ்டா பொட்டலத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். நம்பிக்கை ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. இவள் அடுத்து எங்கே அடிப்பாளோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மறந்துக்கிட்டே வருது நெஸ்டா" என்றாள் மென்னா. "ரெண்டு சின்னது முன்னாடி வருமா, பெருசு முன்னாடி வருமான்னு நேத்து ரொம்ப நேரம் யோசிச்சேன். வரல. இத்தன வருஷம் கேட்டவ நான், எனக்கே வரல." மென்னா கைப்பையைத் திறந்து மறுபடி மூடினாள். "ஒரு தடவ பண்ணேன்."

நெஸ்டா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பொட்டலத்தைச் சுவரோரம் வைத்தாள். கோட்டின் முன்பக்கத்தை விரலால் நீவினாள்.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. "ம்ம், ஆகட்டும்."

"தண்ணி கொண்டு வரவா, மாம்?" என்றாள் மென்னா.